பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போடாதீர்கள்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டுடியோ அண்ணாச்சிமார்களுக்கும், அப்பாவும் தாத்தாவும் நடத்திய ஸ்டுடியோவை இன்றைக்கு ஜெராக்ஸ் கடையாகவும் செல்போன் கடையாகவும் மாற்றி நடத்திவருகிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மார்கழி முடியப் போகிறது. வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழிப்பீர்கள். பழைய இரும்பு, பழைய பேப்பர் வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அந்த நேரம் பார்த்து உங்கள் கையில் ஒரு மரப்பெட்டியோ, மஞ்சள் நிறக் கோடாக் அட்டைப்பெட்டியோ, துருப்பிடித்த பிஸ்கட் டின்னோ அகப்படும். உள்ளே கண்ணாடி பிளேட்டுகள், ஷீட் பிலிம்கள், ஊட்டியில் செய்த ‘இந்து’ பிலிம் துண்டுகள். அதைத் தூக்கி அவருடைய தராசில் வைத்துவிடாதீர்கள், போகி நெருப்பிலும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மிகப் பழைய நைட்ரேட் பிலிமாக இருந்தால் நெருப்புப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் என் கவலை அந்தத் தீயைப் பற்றியது அல்ல.

நீங்கள் ஏன் எடைக்குப் போடுகிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பிலிமில் வெள்ளி இருக்கிறது; பிரித்தெடுக்கிறவன் காசு கொடுக்கிறான். கண்ணாடி பிளேட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் நல்ல கண்ணாடி கிடைக்கிறது. டிஜிட்டல் கேமரா வந்தபோது உங்கள் டார்க் ரூம் ஒரே வீச்சில் செத்துப்போனது. அதற்கு ஊரில் யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மூன்று தலைமுறைக் கல்யாணங்களை எடுத்துக் கொடுத்த உங்களிடம் இந்த ஊர்க்காரர்கள் பாஸ்போர்ட் சைஸ் எட்டுக் காப்பிக்குப் பேரம் பேசினார்கள். “பத்து நிமிஷத்தில் வேண்டும்” என்பதைத் தவிர வேறெதையும் உங்களிடம் கேட்கவில்லை. இப்போது திடீரென்று ஒருத்தன் வந்து, அதெல்லாம் பொக்கிஷம், பத்திரமாக வை என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். கோபப்படுங்கள். ஆனால் பெட்டியைக் கொடுத்துவிட வேண்டாம்.

என் பெரியம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். கல்யாணம் ஆன வாரம், ஸ்டுடியோவில், கேபினட் சைஸில் எடுத்தது. பின் அட்டையோடு சேர்த்துக் கரையான் தின்றுவிட்டது. அட்டையின் மூலையில் அழுத்து முத்திரை மட்டும் மிஞ்சியிருந்ததால் ஸ்டுடியோவைத் தேடிப் போக முடிந்தது. “பிளேட்டையெல்லாம் எங்கப்பா காலத்துலேயே கழுவி சாமி படத்துக்குப் பிரேம் போட்டாச்சே” என்றார் கடைக்காரர், ஒளிவு மறைவு இல்லாமல். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் எந்த வீட்டு முருகனுக்கு முன்னால் என் பெரியம்மாவின் கண்ணாடி இருக்கிறதோ.

உங்கள் தொழிலின் முதல் தலைமுறையைச் சேர்ந்த ஒருவருடைய கதையைச் சொல்ல எனக்கு இடம் கொடுங்கள். பிரெஞ்சுக்காரர் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். முழுவதும் உங்கள் கதைதான்.

1820இல் பாரிஸில் பிறந்த கஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்நஷோன், நதார் என்ற புனைபெயரால்தான் இன்றும் அறியப்படுகிறார். அப்பா அச்சகம் வைத்துப் புத்தகம் போட்டு நொடித்துப்போனவர். மகன் மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். பத்திரிகைக்கு எழுதினார், கேலிச்சித்திரம் போட்டார். தன் காலத்துப் பெரிய மனிதர்கள் ஆயிரம் பேரைக் கேலிச்சித்திரமாக வரைந்து நான்கு பெரிய தாள்களில் அச்சிடப் போகிறேன் என்று கிளம்பி, 1854இல் ஒரு தாளோடு நிறுத்திக்கொண்டார். கையைக் கடித்ததுதான் மிச்சம். அந்த வருஷத்தில்தான் கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது வயது 34. நம் ஊரில் எத்தனையோ பேர் சைன்போர்டு வரைவதில் தொடங்கி ஸ்டுடியோவுக்கு வந்த மாதிரிதான் இதுவும்.

தம்பி அட்ரியனும் படம் எடுக்கிறவர். அவர் அண்ணன் பெயரையே தன் கடைக்கும் வைத்துக்கொண்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போய், 1857 கடைசியில் அண்ணன் ஜெயித்தார். கடைப் பெயருக்காக அண்ணன் தம்பி வழக்குப் போட்டுக்கொள்வது உங்களுக்குப் புதிதில்லை. அந்த வழக்கில் நதார் சொன்ன வாதம்தான் எனக்கு முக்கியம்: படம் பிடிக்கும் சாஸ்திரத்தை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம், கைவேலையை ஒரே நாளில் பழகிவிடலாம், ஆனால் வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்று உணர்வதையும், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் குணத்தைச் சட்டென்று பிடிப்பதையும் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார். இன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் முகம் வெளுக்கிற ஆப் வைத்திருக்கும் எங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கவிஞர் போதலேர், ஓவியர் தெலாக்ருவா, எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட், 1864 வாக்கில் பெயர் வெளியே தெரியாத இளம் நடிகையாக இருந்த சாரா பெர்ன்ஹார்ட். பின்னால் வெறும் துணி. தூண் இல்லை, பூந்தொட்டி இல்லை, திரைச்சீலை இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், மறுபக்கம் நிழலில் கரைகிறது. சாரா போர்த்தியிருப்பது அவருடைய துணிகூட இல்லை, ஸ்டுடியோவில் கிடந்ததை எடுத்துச் சுற்றியது. நம் ஸ்டுடியோக்களில் ஆணியில் தொங்கிய அந்தக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மில் வேலைக்கு முதல் நாள் போகப் போகிறவன் முதல் பெண் பார்க்கப் போகிறவன் வரை ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள், சிலருக்குக் கை நீளம், சிலருக்குக் குட்டை.

தூணும் திரைச்சீலையும் வேறொரு பிரெஞ்சுக்காரர் கொடுத்த வரம். டிஸ்டேரி என்று ஒருவர். 1854இல், ஒரே பிளேட்டில் பல சின்னப் படங்களை எடுத்து வெட்டி அட்டையில் ஒட்டித் தரும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை சரிந்தது, சாதாரண வியாபாரிக்கும் தன் முகம் கைக்கு எட்டியது. செயற்கைத் தூண், படியில் வைத்த கை, வரைந்த தோட்டம் எல்லாவற்றையும் உலகம் முழுக்கப் பரப்பியதில் அவர் பாணிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர் சீனரிப் படுதாவில் இருந்த மாளிகைப் படிக்கட்டும் அன்னப்பறவைக் குளமும் அவர் வழி வந்த பேரப்பிள்ளைகள். விமர்சகர்கள் நதாரை மெச்சி டிஸ்டேரியை மட்டம் தட்டுவார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். நதாரிடம் பெரிய மனிதர்கள் போனார்கள்; சாமானியனைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தது டிஸ்டேரியின் மலிவு விலைதான். அவர் கடைசியில் வறுமையில் செத்தார் என்பதும் உங்களுக்குப் பழக்கமான முடிவுதான்.

நதாருக்கும் காசு தங்கவில்லை. 1860இல் கப்புசின் சாலையில் பெரிய ஸ்டுடியோ. முகப்பில் இரவில் எரியும் சிவப்புக் கையெழுத்து. அதற்குள் மனம் வேறெங்கோ போய்விட்டது. 1858இல் பலூனில் ஏறி மேலிருந்து பூமியைப் படம் எடுத்தார். வானத்திலிருந்து எடுத்த முதல் படம் அதுதான். 1861இல் பாதாள எலும்புக் கிடங்குக்கும் சாக்கடைக்கும் மின்விளக்கைக் கொண்டுபோனார். ஒரு படத்துக்கு 18 நிமிஷம் வரை வெளிச்சம் காட்ட வேண்டியிருந்ததால், அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க ஆளுக்குப் பதில் பொம்மையை நிறுத்தினார். 1863இல் ‘ஜெயன்’ என்று ஒரு ராட்சச பலூன் கட்டி, மனைவி எர்னஸ்டினையும் ஏற்றிக்கொண்டு போய், ஜெர்மனியில் ஹானோவர் பக்கம் தரையில் உருண்டு இருவரும் அடிபட்டார்கள். ஸ்டுடியோ சம்பாதித்ததை பலூன் தின்றது. உதவியாளர்கள்தான் கடையை ஓட்டினார்கள். அவருடைய பிந்தைய படங்களில் முந்தைய உயிர் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அவர் 1900இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் நாவலாசிரியர் பால்சாக்கைப் பற்றி ஒரு சங்கதி வருகிறது. ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் உடம்பிலிருந்து ஒரு மெல்லிய படலம் உரிந்து போய்விடும் என்று பால்சாக் நம்பினாராம். எங்கள் ஆச்சி கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “ஆயுசு குறையும்” என்பாள். ஐரோப்பாவின் பெரிய மூளையும் எங்கள் ஆச்சியும் ஒரே கட்சி. 1885இல் விக்டர் ஹ்யூகோ இறந்தபோது படுக்கையில் வைத்து நதார் எடுத்த படம் இருக்கிறது. உங்களையும் நடு இராத்திரியில் கதவைத் தட்டி எழுப்பி, “தாத்தா போயிட்டார், விடிஞ்சா எடுத்துருவாங்க, ஒரு படம் வேணும்” என்று கூட்டிப்போனவர்கள் உண்டு. நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, தாடைக் கட்டை மறைத்து எடுத்தீர்கள். மூடிய கண்ணை நெகட்டிவில் பென்சிலால் திறந்து வைத்த கைகளும் உங்களில் இருந்திருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நதார் 1910இல் இறந்தார். அவர் பெயர் இன்றும் நிற்கக் காரணம் அவருடைய மேதைமை மட்டும் அல்ல. மகன் பால் கடையை விடாமல் நடத்தினார், பிளேட்டுகளைத் தூக்கி எறியவில்லை, யார் எவர் என்ற விவரங்களையும் விட்டுவிடவில்லை. பால் 1939இல் இறந்த பிறகு அந்தச் சேகரம் குடும்பத்திடமிருந்து பிரெஞ்சு அரசின் கைக்குப் போனது. அதே பாரிஸில், அதே காலத்தில், அவருக்குச் சளைக்காத எத்தியன் கர்ஜா என்ற இன்னொருவர் இருந்தார். கவிஞர் ரேம்போவின் முகம் என்று உலகம் அறிந்திருப்பது 1871இல் கர்ஜா எடுத்த படம்தான். ஒரு விருந்தில் குடிபோதையில் ரேம்போ அவரைத் தாக்கிவிட, கோபத்தில் அந்தப் பையனின் பிளேட்டுகளை உடைத்துவிட்டார் என்று சொல்வார்கள். கர்ஜாவின் மற்ற நெகட்டிவ்களும் பிற்பாடு கைமாறிக் காணாமல் போயின. அச்சிட்டு வெளியே போன பிரதிகளை வைத்துத்தான் அவரை இன்று பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் வீட்டில் பெட்டி பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பெட்டியில் போதலேர் இல்லையே என்பீர்கள். இல்லைதான். நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் படப் பஞ்சம் கிடையாது. சென்னை மாகாணத்தின் முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவின் முகம் எங்கேயும் கிடைக்கும். அவர் ஊருக்குக் கொடுத்த வீடு காந்தி கலை மன்றமாக நிற்கிறது. ஆலைகளைக் கொண்டுவந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜாவுக்குச் சிலையே இருக்கிறது. அந்த ஆலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களுக்கு என்ன இருக்கிறது? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவர்களுக்கு? ஆண்டாள் கோயில் தேர் வடம் பிடிக்க மலையடிவாரத்திலிருந்து வந்து, கூட்டம் கலைந்ததும் உங்கள் வாசலில் வரிசையில் நின்று, வாழ்நாளில் ஒரே தடவை படம் எடுத்துக்கொண்டு போன குடும்பங்களுக்கு? வெள்ளைக்காரன் 1858இல் மதுரையை எடுத்தான். லினியஸ் டிரைப் என்ற அந்த ராணுவ அதிகாரியின் கேமராவுக்குக் கோபுரமும் அரண்மனைத் தூணும் வேண்டியிருந்தன, மனிதர்கள் அளவு காட்ட நின்றால் போதும். சாதாரணத் தமிழன் தானே காசு கொடுத்து, தலை வாரி, தான் விரும்பிய மாதிரி நின்று எடுத்துக்கொண்ட படம் உங்கள் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. அவனுக்குச் செப்பேடு கிடையாது, கல்வெட்டு கிடையாது.

அண்மையில் ஒரு நண்பர் வீட்டில் அப்படி ஒரு பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு முகம், வெள்ளை விழி; அதையும் மீறி ஒரு பெண் என்று தெரிந்தது, கையில் குழந்தை. கன்னத்தின் மேல் சன்னமாகப் பென்சில் கீறல்கள், பூரான் கால் மாதிரி நெருக்கமாக: அம்மைத் தழும்பை யாரோ பொறுமையாக ‘டச்’ செய்து மறைத்திருக்கிறார்கள். ஓரத்தில் இந்திய மையில் தலைகீழாக ஒரு நம்பர். அந்த நம்பருக்கு உரிய பில் புத்தகம் எங்கே என்று கேட்டேன். அடுப்புக்குப் போய்விட்டதாம்.

ஆகவே நான் கேட்பது பெட்டியை மட்டும் அல்ல, அந்தப் பில் புத்தகத்தையும்தான். பெயர் இல்லாத படம் பாதிப் படம். பெயர் தெரிந்தவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் அப்பாவோ, ஸ்டுடியோவில் லைட் பிடித்துப் பிற்பாடு ஓய்ந்துபோன உதவியாளரோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்: யார், எந்தத் தெரு, எந்த வருஷத்துத் தேர், கல்யாணமா காதுகுத்தா. தெரியாவிட்டால் எந்தக் கேமரா, எந்தப் படுதா, அதை யார் வரைந்தது என்றாவது சொல்வார்கள். செல்போனில் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தொழில்காரர்களான உங்களுக்கு நான் பாடம் நடத்தக் கூடாது. கடைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கண்ணாடி பிளேட்டைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பது பாரம் தாங்காமல் விரியும். புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள், இடையில் அமிலம் இல்லாத வெள்ளைத் தாள் போதும். ஈரத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். மருந்துப் பக்கம் வழிந்து வந்துவிடும். விளிம்பை மட்டும் பிடியுங்கள். காடி வாசனை அடிக்கிற பிலிம் இருந்தால் தனியே பிரித்து வையுங்கள், அந்த நோய் பக்கத்தில் இருப்பதையும் பிடிக்கும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரண் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். கட்டிலுக்கு அடியே மேல். வெள்ளைத் திரை காட்டும் லேப்டாப்பின் மேல் கொஞ்சம் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து இன்னொரு போனில் எடுத்து நிறத்தைத் திருப்பினால், அரைகுறையாகவாவது ஒரு பிரதி கையில் நிற்கும்.

நல்ல பிரதிக்கு வழி இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி என்ற ஆய்வாளர் முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையை ஏற்கெனவே நடத்தியிருக்கிறார்கள். மூலத்தை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. பிரெஞ்சு நிறுவனத்துக்கு நம் படுதாவின் அருமை தெரிகிறது, நமக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆதங்கம். அதனால் ஒரு பிரதி நம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு புத்தகத்தைக் காத்த இடம். அங்கே ஒரு அலமாரியும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் கேட்டு, இரண்டு ஊர் ஸ்டுடியோக்காரர்களும் சேர்ந்து ஒரு மனு எழுதினால் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் மனுவை எழுதி எடுத்துக்கொண்டு போக நான் தயார். உரிமை உங்களுடையது, மூலப் பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், படத்தின் கீழே உங்கள் ஸ்டுடியோ பெயர் வர வேண்டும். நதார் பெயருக்காகக் கோர்ட்டுக்குப் போனார். நீங்கள் கேட்டாலே போதும்.

ஒரு கட்டுப்பாடும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வம்பு வரக் கூடாது. யார் வீட்டுப் பெண் படத்தையும், யார் வீட்டுச் சாவுப் படத்தையும் அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவர்கள் உங்களை நம்பித்தான் அந்த முக்காலியில் உட்கார்ந்தார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அந்தக் கவரைத் தனியே கட்டி, “வெளியே காட்ட வேண்டாம்” என்று எழுதி வைத்துவிடுங்கள். சாதிச் சங்கத்துக் குழுப் படங்களுக்குத் தலைப்பு எழுதும்போதும் கவனம் தேவை. பின்னால் நிற்கிற வேலைக்காரருக்கும் பெயர் இருந்தது, அதையும் விசாரித்து எழுதுங்கள்.

இந்த வாரம் எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொல்லவில்லை. பொங்கலுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் ஒன்றே ஒன்றைத் திறங்கள். கவர் நம்பரும் பில் புத்தகமும் சேர்ந்து கிடைக்கிற பெட்டியாகப் பார்த்து முதலில் எடுங்கள். அதில்தான் பெயர் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முக்காலியில் உட்கார்ந்தவர்களில் ஒருவன்